மிதந்ததைக் கொட்டினோம்

மூடியை எவ்வளவு இறுக்கினாலும் இந்த நாற்றம் வெளியே வந்துவிடுகிறது. திருப்பத்தூர் ரயிலடியில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் உன் பாட்டில். பக்கத்தில் உட்கார வந்த இரண்டு பேர் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். கண் கரிக்கிறது, தொண்டை வறள்கிறது. இதே நாற்றத்தைத்தான் நீ ஒரு காலத்தில் முடியிலும் புடவையிலும் ஏற்றிக்கொண்டு மலைக்கு வருவாய். கட்டிப் பிடித்தால் எனக்குத் தும்மல் வரும். "எட்டப் போடி, பொணத்துக்கு ஊத்தற மருந்து நாத்தம்" என்று தள்ளிவிடுவேன். நீ விடாமல் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வாய்.

கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உன்னை அப்படிக் கேட்க மாட்டேன். நீ செத்து நாற்பது நாள் ஆகிறது. முதல் முப்பது நாள் அழுதேன். கடைசிப் பத்து நாளாகக் கோபத்தில் சோறு இறங்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் உன் முகத்துக்கு நேரே கேட்டு, வேண்டுமானால் முடியைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கியிருப்பேன். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டாய்.

பத்து நாளுக்கு முன்னால் உன் அண்ணன் கடற்கரை ஊரிலிருந்து உன் டிரங்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். மஞ்சள் காமாலை உன்னைத் தின்ற கதையை மறுபடி ஒரு தடவை சொல்லி அழுதார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து, "இத்தப் பாரு காந்தா, உன் பேரு எழுதிக்கீது" என்று நீட்டினார். உன் பழைய நீலப் புடவையில் நாலு சுற்றுச் சுற்றி வைத்திருந்தாய். உள்ளே இந்த பாட்டில். லேபிளில் உன் கையெழுத்து: "கொட்டுவதற்கு முன்". கழுத்தில் நூல் போட்டுக் கட்டிய ஒரு சீட்டு. அதில் மூன்றே வரி. "காந்தா, இத நீயே அரி. மொதல்ல சாய்க்கற தண்ணிய துணியில புடி. மிச்சம் உனக்கே தெரியும்."

எனக்கே தெரியுமாம். எட்டு வருஷம் கழித்து!

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உன்னுடையது எட்டு வருஷம் தாங்கியது. நீ கெட்டிக்காரி என்று ஆஸ்டல் வார்டனே சொல்லியிருக்கிறாரே. புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து கீழே படிக்கப் போன பெண்கள் நாம் இரண்டு பேர். நான் பத்தாவதோடு திரும்பிவந்து பால்வாடி டீச்சர் ஆனேன். நீ காலேஜில் விலங்கியல் படித்து, கடலைப் பற்றி ஆராய்கிற ஆபீசில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தாய். கடலையே பார்த்திராத மலைக்காரிக்குக் கடல் வேலை. ஊர் சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முந்தைய சித்திரையில் நீ இரண்டு மரப்பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாய். பெட்டி முழுக்கப் பாட்டில்கள். கண்டக்டர், "இன்னாமா இது, இம்மாம் நாத்தம்?" என்று கேட்டதற்கு, "ஊறுகா அண்ணே, நார்த்தங்கா ஊறுகா" என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொல்லிச் சிரித்தாய். என்னையும் சிரிக்க வைத்தாய்.

என் வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்துவிட்டு விஷயத்தைச் சொன்னாய். நீ வேலை பார்க்கிற ஊரின் துறைமுக வாயில் மண் மேடிட்டுவிட்டது, கப்பல் உள்ளே வர முடியவில்லை. அதைத் தூர்வாரி, அந்தச் சேற்றைப் படகில் கொண்டுபோய்க் கடலுக்குள் ஓர் இடத்தில் கொட்டப்போகிறார்கள். கொட்டுகிற இடத்தில் கடலின் அடியில் புழுக்கள் இருக்கின்றன. மண்ணுக்குள் வாழ்கிற புழு. அதைத் தின்கிற மீன், அந்த மீனைப் பிடிக்கிற சனம். கொட்டினால் அந்தப் புழுவுக்கு என்ன ஆகும் என்று பார்க்க, கொட்டுவதற்கு முன்னால் ஒரு தடவையும் கொட்டிய பின்னால் ஒரு தடவையும் அடிமண்ணை அள்ளிச் சலித்து எண்ண வேண்டும். சலித்ததைத்தான் மருந்து ஊற்றி, சிவப்புச் சாயம் போட்டு, இந்த பாட்டில்களில் கொண்டுவந்திருந்தாய். மணலும் சிப்பித் தூளும் புழுவும் கலந்து கிடந்தன. சாயம் ஏறிய புழு ரோஸ் நிறமாகத் தெரிந்தது.

"ஆபீசுல ரெண்டு பேருதான் கீறோம். ஒரு மாசத்துல முடின்னு பெரிய சார் தலைமேல குந்திக்கினு கீறாரு. எங்கயாவது எட்த்துனு போ, எனக்கு எண்ணிக்க வந்தா போதும்னாரு. சாமையில கடுகத்தினி கல்ல பொறுக்கறவங்க எங்கூர்ல கீறாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாய்.

அதைக் கேட்டு நாங்கள் ஐந்து பேர் உச்சி குளிர்ந்துபோனோம். நான், மங்கா, பச்சையம்மா, இன்னும் இரண்டு பேர். ஆளுக்கொரு வெள்ளைப் பீங்கான் தட்டும் சின்ன இடுக்கியும் கொடுத்தாய். புழு எப்படி இருக்கும், உடைந்த புழுவில் தலை இருந்தால் மட்டும் எண்ண வேண்டும், சிப்பியைத் தனியே போட வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தாய். ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. பச்சையம்மா கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "மருந்து கண்ண எரிக்குதே, கழுவிட்டுப் பொறுக்கலாமா?" என்று. நீ சொன்ன பதில் என் காதில் அப்படியே இருக்கிறது.

"கழுவுங்க கழுவுங்க. சாமை அரிக்கறவங்களுக்கு நான் கழுவக் கத்துக்குடுக்கணுமா?"

கத்துக்கொடுத்திருக்க வேண்டும். வேறு எவளோ கீழ்நாட்டுக்காரி வந்திருந்தால் நின்று காட்டிக்கொடுத்திருப்பாள். நீ எங்களில் ஒருத்தி என்பதால் அதைச் செய்யவில்லை. எங்கள் கை என்ன செய்யும் என்று உலகத்திலேயே உனக்கு மட்டும்தான் தெரியும். சாமையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றினால் மேலே என்ன மிதக்கும்? பதர். முதல் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டுத்தானே மற்ற வேலை. நடக்கத் தெரிந்த நாள் முதல் அப்படித்தானே நீயும் நானும் செய்திருக்கிறோம். அதையேதான் கடலுக்கும் செய்தோம். குண்டானில் பாட்டிலைக் கவிழ்த்தோம், தண்ணீர் ஊற்றினோம், சுழற்றினோம், மிதந்ததைப் புழக்கடை வாழையடியில் கொட்டினோம். கீழே தங்கியதைத் தட்டில் பரப்பி ஒரு புழு விடாமல் பொறுக்கினோம். அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு யோக்கியமாகத் தப்புச் செய்தோம்.

கடல் புழு லேசானது. மணல்தான் கனம். சுழற்றினால் புழு மேலே வரும், மணல் கீழே நிற்கும். மணலால் தன்னைச் சுற்றிக் குழாய் கட்டிக்கொண்ட சில புழுவும், மணலில் சிக்கிய ஒன்றிரண்டும் மட்டும் கீழே தங்கும். அதைத்தான் நாங்கள் எண்ணினோம். மற்றதெல்லாம் வாழைக்குப் போயிற்று.

ஆனாலும் அந்த நாட்கள் நன்றாக இருந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்த மத்தியானங்களில் ஐந்து பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் பேச்சுக்குக் குறைவில்லை. நீ சொன்ன நீளமான பெயர்கள் வாயில் நுழையாமல் நாங்களே பெயர் வைத்தோம். இரண்டு பக்கமும் காலாக இருந்தது பூரான். மண்குழாயில் இருந்தது வூட்டுக்காரன். தலையில் கொத்தாக இறகு வைத்திருந்தது பூக்காரி. ஒரு பூக்காரி கிடைத்தால் மங்கா குலவை இடாத குறை. கூலிக்குப் பதில் நீ கொண்டுவந்த நாக்குமீன் கருவாட்டை அடுப்பில் சுட்டுக் களியோடு தின்றோம். இந்தப் புழுவைத் தின்று வளர்ந்த மீன்தான் இது என்று நீ சொன்னபோது பச்சையம்மா, "அப்போ புழு திங்கற மீன நாம தின்றோமா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

கடைசி நாள் ஒரே ஒரு பாட்டில் மிச்சம். அன்று காலையில் நான்தான் உன்னைக் கூப்பிட்டுப் புழக்கடையைக் காட்டினேன். வாழையடி முழுக்க மண்புழுக்கள் மேலே வந்து செத்துக் கிடந்தன. கயிற்றுத் துண்டுகள் போல விறைத்து. மருந்துத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது.

"இன்னாடி இது? கடல் புழுவ எண்றேன்னு நம்ம மண்ணுப் புழுவக் கொன்னுட்டமே" என்றேன்.

நீ குனிந்தாய். மண்புழுவைத் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த எதையோ விரல் நுனியால் ஒற்றி எடுத்தாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். பிறகு இன்னொன்று. பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, கையால் மண்ணை விலக்கி விலக்கிப் பார்த்தாய். ரோஸ் நிறத்தில் இழை இழையாக ஏதோ இருந்தது என் கண்ணிலும் பட்டது. சாயம் என்று நினைத்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய்! அழுகிறாயோ என்றுகூட நினைத்தேன். மண்புழுவுக்காக அழுகிற மனசு என்று உன்னைப் பற்றி நெகிழ்ந்தும் போனேன், முட்டாள்.

எழுந்தபோது உன் முகம் சாதாரணமாக இருந்தது. "மருந்துத் தண்ணி மண்ணுக்கு ஆவாது. அடுத்த தபா குண்டான் வாயில மல்லுத் துணி கட்டி சாயுங்க. துணியில இன்னா நிக்குதோ அதையும் தட்டுல போட்டுப் பாருங்க" என்றாய். மிச்சமிருந்த பாட்டிலைப் பார்த்து, "இத்த வேணாம், லேபிள் சரியில்ல" என்று எடுத்து உன் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

துணி கட்டச் சொன்னது மண்புழுவைக் காப்பாற்ற என்றே நான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். பால்வாடிக் குழந்தைகளுக்குக்கூட அதைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது கேட்கிறேன். அன்றைக்கு இன்னும் ஒரு கூடைச் சேறுகூடக் கடலில் கொட்டவில்லை. கீழே போய், "சார், எண்ணினது தப்பாப் போச்சு, இன்னொரு தடவ அள்ளணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு நாள் படகு, கொஞ்சம் திட்டு. மலைக்குக் கொண்டுபோய் எண்ணியதால்தான் தப்பாயிற்று என்று பழி வரும், வேலை நிரந்தரம் ஆகிற நேரம், போய்விடும் என்று பயந்தாய். பயந்தாய் என்றே இருக்கட்டும். பயம் எல்லோருக்கும் உண்டு. அன்று சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து களி தின்றாயே, அப்போதாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நானே உன்னோடு பஸ் ஏறி வந்து உன் பெரிய சாரிடம், "தப்பு எங்க கை செஞ்சது, இவ மேல இல்ல" என்று சொல்லியிருப்பேனே. எனக்கு வாய் இல்லையா? உனக்குத் தெரியாதா என் வாய்?

அடுத்த தை கழித்து இரண்டாவது தடவை வந்தாய். கொட்டிய பின் அள்ளிய பாட்டில்கள். இந்தத் தடவை நீ எங்களை விட்டு நகரவில்லை. துணி கட்டினோமா, துணியில் தங்கியதை உதறினோமா என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்தாய். மாமியார் மாதிரி நிற்கிறாளே என்று மங்கா முணுமுணுத்தாள். துணியில் தங்கியது கொஞ்சமா? நூல் நூலாக, தலைமயிர் கனத்தில், நூற்றுக்கணக்கில் புழு. எண்ணி மாளவில்லை. ஆனால் எல்லாம் ஒரே சாதி. பூரான் இல்லை, வூட்டுக்காரன் இல்லை. மங்கா இரண்டு பெட்டியையும் முடித்துவிட்டு, "ஒரு பூக்காரி கூட இல்லியேடி" என்றாள்.

நான் உன்னிடம் வந்து சொன்னேன். "முன்ன கொஞ்சமா இருந்தாலும் வெதவெதமா இருந்துது. இப்போ வெறும் நூலு. பயிரு செத்துக் களை மண்டன மாதிரி கீதே. இத்த எழுதுவியா?"

நீ பென்சிலைக் கீழே வைத்தாய். "அவங்க எத்தினின்னுதான் கேட்டாங்க காந்தா. எதுன்னு கேக்கல" என்றாய். குரல் கடுப்பாக இருந்தது. படித்தவள் சொல்கிறாள், நமக்கென்ன என்று நானும் போய்விட்டேன். என் மேல் எனக்கு இருக்கிற கோபம் அந்த இடத்தில்தான். கண்ணால் பார்த்தேன், வாயால் சொன்னேன், நீ ஒரு முறை முறைத்ததும் அடங்கிவிட்டேன். அந்தத் தடவை நீ கருவாடும் கொண்டுவரவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "நாக்குமீனு இப்போ சரியா ஆப்புடல" என்றாய். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

அறிக்கை போயிற்று. கொட்டிய பிறகு புழு பல மடங்கு பெருகியிருக்கிறது, சேறு அதற்கு உரமாகியிருக்கிறது, அதே இடத்தில் தொடர்ந்து கொட்டலாம் என்று முடிவாயிற்று. உனக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஒரு டப்பா இனிப்போடு வந்து ஐந்து பேர் வாயிலும் ஊட்டினாய். பச்சையம்மா ஜமுனாமரத்தூர் சந்தையில் நின்றுகொண்டு, "கடலுக்கே கணக்கு போட்ட கையி இது" என்று வளையல்காரனிடம் கையை நீட்டினாளாம். மலை முழுக்க அந்தப் பேச்சு. முழுப் பூசணிக்காயை நீ சோற்றில் மறைத்தாய், அந்தச் சோற்றை எங்களுக்கே பரிமாறினாய்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் கடலைக் காட்டுகிறேன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அந்த நாளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கடலைப் பார்த்துவிட்டு நான் குழந்தை மாதிரி கத்தினேன். பிறகு மீன் விற்கிற இடத்துக்குப் போனோம். கூடையில் நாலே நாலு பொடிமீனை வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும், காதில் ஓட்டை மட்டும் இருந்தது, தோடு இல்லை. நாக்குமீன் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நாக்குமீனா? எந்தக் காலத்துல கேக்கறம்மா நீ? நாங்க மீன் புடிக்கற எடத்துல சேத்தக் கொட்னதுலேருந்து வலையப் போட்டா சேறுதான் வருது. எம் புருசன் இப்ப மூட்ட தூக்கப் போறாரு. கேட்டதுக்கு ஆபீசுல சொல்றாங்க, புழுவ எண்ணிப் பாத்துட்டாங்களாம், நெறய கீதாம், மீனு தானா வருமாம். எந்தக் கண்ணு கெட்டவ எண்ணினாளோ!"

நான் என்ன செய்தேன் தெரியுமா உனக்கு? தெரியும், நீ பக்கத்தில்தான் நின்றாய். மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "அப்படிச் சொல்லாதம்மா. நாங்கதான் எண்ணினோம். ஒண்ணு வுடாம எண்ணினோம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நல்லா இரும்மா" என்றாள். கூடையின் மேல் சாக்கைப் போட்டு மூடினாள்.

நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாய். கொஞ்ச தூரம் போன பிறகு நான் நின்றேன். "நம்ம கணக்கு சரிதானடி?" என்று கேட்டேன். உன்னை நேரே கேட்ட ஒரே கேள்வி அது. கண்ணைப் பார்க்காமல் நீ சொன்னாய்: "உங்க பேரு எங்கயும் வராது. நான் பாத்துக்கறேன்."

அந்தப் பதிலில் எனக்கு நிம்மதியாயிற்று. நான் கேட்டது ஒன்று, நீ சொன்னது ஒன்று என்பதுகூட உறைக்கவில்லை. எங்கள் பெயர் வராமல் பார்த்துக்கொண்டாயாம். யார் கேட்டார்கள் உன்னை? தப்பு செய்தவர்கள் நாங்கள். திருத்துகிற பாத்தியதையும் எங்களுக்கு இருந்தது. அதை நீ எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டாய். கீழ்நாட்டு ஆபீசர் எங்களை எண்ணத் தெரியாதவர்கள் என்று நினைப்பார் என்று பயந்தாய். நீயோ எங்களைத் தாங்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிட்டாய். எது பெரிய அவமானம், சொல்.

போன வாரம் பாட்டிலைத் திறந்தேன். அதே குண்டான், அதே வாசல். குண்டான் வாயில் துணி கட்டிச் சாய்த்தேன். துணியை விரித்தேன். பூரானே கை நிறைய. சின்ன விரல் நீளத்துக்கு ஒன்று. முதுகில் செதில் அடுக்கியது ஒன்று, வால் பக்கம் நார் நாராகப் பிரிந்தது ஒன்று, பெயர் வைக்க நான் பார்த்தே இராத சாதிகள். எட்டு வருஷமாகியும் ரோஸ் நிறம் போகவில்லை. அன்றைக்கு ஒரு பாட்டிலில் நாங்கள் நாற்பதைத் தாண்டியதே இல்லை. இந்த ஒரு பாட்டிலில் இருநூற்றுப் பதினேழு. மூன்று தடவை எண்ணினேன். வாழையடியில் போனவற்றை எண்ண யாராலும் முடியாது.

இதைப் போட்டு மூடிவைத்துவிட்டுக் கடைசி வரைக்கும் எப்படியடி தூங்கினாய்? தூக்கி எறியவும் இல்லை, எடுத்துக் காட்டவும் இல்லை. எறிந்திருந்தால் வெறும் பொய்க்காரி என்று உன்னைத் தலைமுழுகியிருப்பேன். புடவையில் நாலு சுற்றுச் சுற்றி, என் பெயரை எழுதி, பத்திரமாக வைத்திருக்கிறாய். அதனால்தான் தலைமுழுகவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

மற்ற நாலு பேரையும் கூப்பிட்டு விரித்த துணியைக் காட்டினேன். மங்காதான் முதலில் வாய் திறந்தாள். "அப்போ நாமதான் கொட்னமா?" என்றாள். பிறகு, "கேட்டிருந்தா மறுக்காவும் அரிச்சிருப்பமே. அவ எதுக்கு நம்மகிட்டப் போய் பயந்தா?" என்றாள். நான் பால்வாடி நோட்டிலிருந்து தாள் கிழித்து எல்லாவற்றையும் எழுதினேன். மிதந்ததைப் பதர் என்று கொட்டியது, துணி கட்டியது எப்போது, கட்டாதது எப்போது, முன்னே என்னென்ன சாதி, பின்னே என்ன சாதி. உன் பெயரையும் எழுதினேன். கீழே நாங்கள் ஐந்து பேர்.

பச்சையம்மா மட்டும் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றாள். "செத்தவ பேர நாறடிக்கப் போறியா? அவ நம்ம வூட்டுப் பொண்ணு" என்று சத்தம் போட்டாள். "அந்த மீன் கூடக்காரி வூட்டுல ஒல வெக்காதது நாறலியா?" என்று நானும் கத்தினேன். முப்பது வருஷத்துப் பழக்கம், அன்றைக்குத்தான் முதல் தடவை அவள் என் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போனாள்.

இன்று காலை பஸ்ஸுக்கு நிற்கிறேன், மூச்சு வாங்க ஓடிவந்தாள். கட்டைவிரலில் மை ஏற்கெனவே பூசியிருந்தது. என்னைப் பார்க்காமல் தாளை வாங்கி, உன் பெயர் எது என்று கேட்டாள். காட்டினேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அதற்கு நேர் கீழே ரேகை வைத்தாள்.

மலை இறங்கும்போது கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே என் பக்கம் வந்தார். உன் காலத்து ஆள்தான், தலை நரைத்துவிட்டது. மூக்கை உறிஞ்சினார். மடியைப் பார்த்தார். "இன்னாமா, அந்தக் கடல் ஆபீஸ் அம்மா எட்தாருவாங்களே, அந்த ஊறுகாயா?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு நொடி ஆமாம் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. உன் சிரிப்புக்காக.

"ஊறுகா இல்லீங்க" என்றேன். "கடல் புழு. நாங்க தப்பா எண்ணிட்டோம். சொல்றதுக்குப் போறேன்."

அவருக்கு என்ன புரிந்ததோ. "கீழ வெச்சிக்கமா, வளைவுல ஒடஞ்சிடப் போவுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் கீழே வைக்கவில்லை.

முதலில் அந்த மீன்காரம்மாவைத் தேடுவேன். பெயர் தெரியாது, காதின் ஓட்டை தெரியும். அவள் முன்னால் பாட்டிலை வைத்து, கண்ணு கெட்டவ நான்தான் என்று சொல்வேன். அவள் கூட வந்தால் இரண்டு பேருமாக உன் ஆபீசுக்குப் போவோம். கேட்பார்களா, துரத்துவார்களா, தெரியாது. இத்தனை வருஷமாகக் கொட்டிய சேற்றை இந்த பாட்டில் அள்ளிவிடாது. அதுவும் தெரியும்.

ஜோலார்பேட்டை வண்டி வருகிறது. மூடியை இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தேன். நாற்றம் வரத்தான் செய்கிறது. வரட்டும்.